ரஷ்ய கிராமிய நடனத்துக்கு உடை தைக்க வேண்டும், எது சரியான உடை?

தக்கலை தையல்கடை:

எல்லோருக்கும் வணக்கம். தக்கலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கல்லூரியில் ஜனவரியில் கலைவிழா வருகிறது. எட்டுப் பெண் பிள்ளைகளும் நான்கு ஆண் பிள்ளைகளும் ரஷ்ய கிராமிய நடனம் ஆடுகிறார்கள். உடை முழுவதும் என் பொறுப்பு. நடனம் முடிந்ததும் இன்றைய ரஷ்யர்கள் உடுத்துகிற உடையில் மேடையில் ஒரு நடையும் இருக்கிறதாம்.

பிள்ளைகள் போனில் காட்டிய படங்களை வைத்துத் தைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்றில் முட்டிக்கு மேலே நிற்கிற சிவப்புப் பாவாடை, ஓரத்தில் வெள்ளை ரோமம். இன்னொன்றில் ராணி மாதிரி முத்துக் கிரீடம். மூன்றாவதில் தலையில் துண்டு கட்டிய பாட்டி. மூன்றும் ரஷ்ய உடை என்றுதான் போட்டிருக்கிறது. கிராமத்துப் பெண் உண்மையில் என்ன உடுத்தினாள்? உள்ளே என்ன, வெளியே என்ன, தலையில் என்ன? வெட்டும் முறை தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. யாரோ ஒரு ஊர்க்காரரின் உடை அது. நம் மேடையில் ஏறும்போது ஏனோதானோ என்று இருக்கக் கூடாது.

வோல்கா கரை டாக்டர்:

அக்கா, அந்த ரோமம் வைத்த குட்டைப் பாவாடையை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது மேடைக்கென்று பிற்காலத்தில் யாரோ கட்டிச் சேர்த்தது. எந்தக் கிராமத்திலும் அப்படி உடுத்தவில்லை.

நான் மருத்துவம் படித்தது த்வேர் நகரத்தில். மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் போகிற வழியில், வோல்கா நதிக்கரையில் இருக்கிற ஊர். இப்போது நாகர்கோவிலில் வேலை பார்க்கிறேன். என்னோடு படித்த ஒருத்தி நாட்டுப்புற நடனக் குழுவில் ஆடுவாள். அவளுக்கு உடை தைத்துக் கொடுத்தவர் அவள் அம்மா. அந்த வீட்டுத் தரையில் துணியைப் பரப்பி அவர் வெட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் வெட்டு முறையிலிருந்தே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை உள்ளே போடுகிற நீளச் சட்டை. ருபாஹா என்பார்கள். பெண்களுக்குக் கணுக்காலை எட்டும், கை நீளமாக இருக்கும். ஆளிச்செடி நாரில் நெய்த லினன் துணி. அந்தக் காலத்து வீட்டுத் தறியில் அகலம் கம்மி, அதனால் துணியை வளைத்து வெட்டி வீணாக்க யாருக்கும் மனம் வராது. உடம்புக்கு நேர்ப்பட்டை, கைக்கும் நேர்ப்பட்டை. நீங்கள் ரவிக்கைக்குப் போடுகிற கைக்குழி வளைவு இதில் கிடையவே கிடையாது. அதற்குப் பதிலாக அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைப்பார்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கினாலும் சட்டை இழுபடாமல் இருப்பது அந்தத் துண்டால்தான். நடனத்துக்கு இது ரொம்ப முக்கியம். பல சட்டைகளில் அந்தச் சதுரத்தைச் சிவப்புத் துணியிலேயே வைத்திருப்பார்கள். கழுத்தைச் சுற்றி நெருக்கமாகச் சுருக்கு வரும்.

கழுத்து, மணிக்கட்டு, கீழ் ஓரம் ஆகிய இடங்களில் சிவப்பு நூல் வேலை இருக்கும். உடம்பைத் துணி மூடாமல் விடுகிற இடம் வழியாகத் தீயது உள்ளே வந்துவிடும், அங்கே காவல் வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. இன்னொன்று கவனித்தேன். வெளியே தெரிகிற மேல்பாதிக்கு நல்ல துணியும், மறைந்து கிடக்கிற கீழ்ப்பாதிக்கு முரட்டுத் துணியும் வைத்துச் சேர்ப்பார்கள். நீங்களும் அப்படிச் செய்தால் செலவு குறையும், அதுவே முறையும்கூட.

இதற்கு மேலே வருவதுதான் சரஃபான். தோளில் பட்டி வைத்த பாவாடை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது இடுப்பிலிருந்து தொடங்காது, மார்புக்கு மேலேயே தொடங்கிவிடும். பழைய வகையில் முன்பக்கம் நடுவில் மேலிருந்து கீழ்வரை பொத்தான் வரிசை இருக்கும், பக்கங்களில் சாய்வுத் துண்டுகள் சேர்த்துக் கீழே விரிய விட்டிருப்பார்கள். அது கம்பீரமாக இருக்கும், தைக்கத்தான் நேரம் பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டில் பரவலானது நேர் வெட்டு வகை. நாலைந்து நேர்ப்பட்டைகளைச் சேர்த்து, மேல் ஓரத்தில் நெருக்கிச் சுருக்கி, பட்டி வைத்துவிட்டால் முடிந்தது. எட்டுப் பேருக்கும் இதையே எடுங்கள். சுழலும்போது நன்றாக விரியும்.

இடுப்புக் கச்சையை மறந்துவிடாதீர்கள். நெய்த அல்லது பின்னிய நாடா, நுனியில் குஞ்சம். கச்சை கட்டாமல் வெளியே வருவதை அவர்கள் பெரிய வெட்கக்கேடாக நினைத்தார்கள். குளிருக்கு மேலே குட்டையான பஞ்சு வைத்த மேலுடுப்பும் உண்டு, துஷெக்ரேயா என்று பெயர். நம் ஊர் ஜனவரியில் அதைப் போட்டுக்கொண்டு ஆடினால் பிள்ளைகள் மயங்கி விழுவார்கள், விட்டுவிடுங்கள்.

ஒன்று மனதில் இருக்கட்டும். சரஃபான் வடக்கிலும் நடுப்பகுதியிலும் உடுத்தியது. ரியாசான், துலா, வோரோனெஷ் போன்ற தெற்குப் பக்கங்களில் மணமான பெண்கள் உடுத்தியது போனேவா. கட்டம் போட்ட கம்பளித் துணி, இடுப்பில் கயிறு கோத்துச் சுற்றிக் கட்டுவது. ஒரே மேடையில் ஒரு பிள்ளைக்கு அது, இன்னொரு பிள்ளைக்கு இது என்று கலந்தால் ஒரே ஊர்ப் பெண்களாகத் தெரிய மாட்டார்கள். சரஃபான் என்றால் எல்லோருக்கும் சரஃபான்.

தலைக்கு வருகிறேன். அந்த முத்துக் கிரீடத்துக்குப் பெயர் கொக்கோஷ்னிக். பழைய வழக்கத்தில் அது மணமான பெண் விழா நாளில் அணிவது. கல்யாணம் ஆனதும் தலைமயிரை இரண்டு பின்னலாக்கி உள்ளே மறைத்துவிட வேண்டும், ஒரு மயிர்கூட வெளியே தெரியக் கூடாது. கன்னிப்பெண்ணுக்குத்தான் ஒற்றைப் பின்னல், அது வெளியே முதுகில் தொங்கும். நெற்றியில் அகலமான ஒரு பட்டி, உச்சந்தலை திறந்திருக்கும், பின்னல் நுனியில் ரிப்பன். உங்கள் பிள்ளைகள் கல்லூரிப் பெண்கள், அவர்களுக்கு இதுதான் பொருத்தம். நம் பிள்ளைகளிடம் நீளப் பின்னலுக்குப் பஞ்சமா? சவுரி வைக்காமலே அழகாக இருக்கும்.

15ஆம் நூற்றாண்டில் த்வேரிலிருந்து புறப்பட்டு இன்றைய கர்நாடகத்தில் இருக்கிற பீதர் வரை வந்த வணிகர் அஃபனாசி நிகிதின் தன் குறிப்பில் நம் நாட்டைப் பற்றி முதலில் எழுதியதே நம் உடையைப் பற்றித்தான். இங்கே தலையை மூடுவதில்லை, மார்பில் துணியில்லை, மயிரை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருக்கிறார்கள் என்று வியந்து எழுதியிருக்கிறார். எந்தப் பின்னல் யாருக்கு உரியது என்று பார்த்து வளர்ந்த மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வோல்கா கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. வீட்டு நினைப்பு வந்தால் நான் அங்கேதான் போய் நிற்பேன்.

நெற்றிப் பட்டிக்கு ஒரு யோசனை. த்வேருக்குப் பக்கத்தில் தர்ஷோக் என்ற சிற்றூர் இருக்கிறது, தங்க நூல் வேலைக்குப் பேர்போனது. தங்க இழையைத் துணிக்கு மேலே படுக்கவைத்து, அதன்மேல் மெல்லிய நூலால் பிடித்துப் பிடித்துத் தைப்பார்கள். நம் ஊரில் ஆரி வேலை செய்கிற பெண்களிடம் கொடுத்தால் அதே பாங்கு கிடைத்துவிடும். சிவப்பு வெல்வெட்டில் செய்யச் சொல்லுங்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு எளிது. கொசவரோத்கா என்கிற சட்டை. கழுத்துத் திறப்பு நடுவில் இருக்காது, இடது பக்கம் தள்ளி இருக்கும். சட்டையை உள்ளே சொருகக் கூடாது. வெளியே விட்டு, அதன்மேல் கச்சை கட்ட வேண்டும். கால்சட்டையின் கீழ்நுனி பூட்ஸுக்குள் போய்விடும். ஏழை வீட்டில் பூட்ஸுக்குப் பதில் லிண்டன் மரப்பட்டையில் முடைந்த செருப்பு, லாப்தி.

இனி அந்த நடை. சிவப்பு நட்சத்திரம் குத்திய காதுமடல் தொப்பி வேண்டாம், அது சுற்றுலாக் கடையில் விற்பது. இன்றைக்கு அங்கே பிள்ளைகள் நம்மைப் போலத்தான் ஜீன்ஸும் ஸ்வெட்டரும் போடுகிறார்கள். குளிர்காலத்தில் தெருவில் மைனஸ் இருபது இருக்கும், வீட்டுக்குள் வெப்பக்குழாய் ஓடுவதால் அரைக்கை போதும். அதனால் உள்ளே மெலிதாக உடுத்தி, மேலே ஒரே ஒரு கனமான இறகுக் கோட்டைப் போடுவார்கள். கல்லூரி, மருத்துவமனை, நாடக அரங்கு எங்கே போனாலும் வாசலிலேயே கோட்டைக் கழற்றிக் கொடுத்து அடையாள வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும். கோட்டோடு வகுப்பில் நுழைந்தால் பேராசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். தொப்பி போடாமல் கிளம்பினால் எங்கள் விடுதி வாசலில் இருந்த பாட்டி விட மாட்டார். தெருவில் போகிற முன்பின் தெரியாத பாட்டியும் அதட்டுவார். அந்தக் கோபத்தில் இருந்த பாசம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பழைய பொருள்களில் இன்றும் உயிரோடு இருப்பது பாவ்லோவ்ஸ்கி போசாது சால்வை. மாஸ்கோவுக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஊர்த் தொழிற்சாலை 1795இல் தொடங்கியது. கம்பளித் துணியில் பெரிய பெரிய ரோஜாப் பூக்கள் அச்சிட்டு, ஓரத்தில் குஞ்சம் விட்டிருப்பார்கள். சாதாரணக் கறுப்புக் கோட்டின்மேல் இளம்பெண்களே அதைப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டு ரோமத்தில் பின்னுகிற ஒரென்புர்க் சால்வையும் உண்டு. நல்ல சால்வை முழுவதையும் ஒரு மோதிரத்துக்குள் இழுத்துவிடலாம்.

நடையில் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி உடை போடுங்கள். மே மாதக் கடைசியில் பள்ளி முடிகிற நாளில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற வயதுப் பெண்கள் பழைய சோவியத் சீருடையை விரும்பிப் போடுவார்கள். பழுப்பு நிறக் கவுன், வெள்ளை லேஸ் ஏப்ரன், தலையில் பெரிய வெள்ளை ரிப்பன் பூ. மேடையில் அதைப் போல எடுபடுவது வேறில்லை.

இரணியல் ஓய்வாசிரியர்:

டாக்டர் பிள்ளை நன்றாகச் சொன்னாள். வரலாற்றுப் பக்கம் கொஞ்சம் நான் சேர்க்கிறேன், தையல்கடை அம்மாவுக்குப் படங்களைப் பிரித்துப் பார்க்க உதவும்.

சரஃபான் ஏன் கிராமத்து உடையாக நின்றது? ஒரு காலத்தில் பிரபு வீட்டுப் பெண்களும் அதையேதான் உடுத்தினார்கள். 1700இல் மன்னர் பீட்டர் ஆணை போட்டார். அரசவையினரும் நகரத்தாரும் பழைய ரஷ்ய உடையை விட்டுவிட்டு முதலில் ஹங்கேரி பாணியிலும், அடுத்த ஆண்டு ஜெர்மன் பாணியிலும் உடுத்த வேண்டும். பெண்களுக்கும் சேர்த்துத்தான். மீறுகிறவர்களிடம் நகர வாசலிலேயே தண்டம். நடந்து வந்தால் 40 கோபெக், குதிரையில் வந்தால் 2 ரூபிள். தாடிக்கு வரி போட்டதும் இதே மன்னர். உழவர்களையும் பாதிரிமாரையும் மட்டும் விட்டுவிட்டார். அதனால் பழைய உடை உழவர் வீட்டில் தங்கியது.

உடை விஷயத்தில் அரசு தலையிட்டால் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அங்கே பழையதைக் கழற்று என்றார்கள், இங்கே புதியதைப் போடாதே என்றார்கள். குப்பாயம் என்கிற மேல்சட்டை போட்டதற்காக நம் கல்குளம், விளவங்கோடு பெண்கள் சந்தையிலும் வழியிலும் பட்ட அடி கொஞ்சமா? 1859இல் திருவிதாங்கூர் மன்னர் ஆணை வந்தபோதுகூட நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முரட்டுத் துணியால் மூடலாம், உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி மட்டும் கூடாது என்றுதான் எழுதினார்கள். தோள்சீலைப் போராட்டத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பீட்டரின் ஆணையையும் சேர்த்துச் சொல்வேன். பிள்ளைகளுக்கு இரண்டும் நன்றாகப் புரிந்தன.

பிறகு அதே அரண்மனை பழைய உடையைத் தேடிப் போனது. 1834இல் மன்னர் முதலாம் நிக்கலாய் அரசவைப் பெண்களுக்கு சரஃபான் சாயலில் ஒரு சீருடை வகுத்தார், தலைக்குக் கொக்கோஷ்னிக். 1903 பிப்ரவரியில் குளிர்கால அரண்மனையில் ஒரு பெரிய விருந்து நடனம் நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் 17ஆம் நூற்றாண்டு உடையில் வந்தார்கள். இணையத்தில் முத்தும் வைரமுமாகச் சுற்றுகிற பழைய புகைப்படங்களில் நிறைய அந்த இரவுக்காக உடுத்தியவை. அம்மா, உங்களிடம் காட்டிய ராணி படமும் அந்த வகையாக இருக்கலாம். கிராமத்து நடனத்துக்கு அதை எடுக்க வேண்டாம்.

புரட்சிக்குப் பிறகும் இந்தத் தேடல் நிற்கவில்லை. நதேஷ்தா லமானவா என்ற அம்மையார் ஜார் காலத்தில் அரண்மனைக்கே தைத்தவர். புரட்சி வந்து துணிக்குப் பஞ்சமானபோது கிராமத்தில் நெய்த துண்டுகளையும் பூவேலைத் துணிகளையும் எடுத்து நவீன வெட்டில் கவுன் தைத்தார். 1925 பாரிஸ் கண்காட்சியில் அவருக்குப் பெரும் பரிசு கிடைத்தது. 1960களில் வியாச்சிஸ்லாவ் ஸாய்த்சவ் வேலையாட்கள் போடுகிற பஞ்சு மேலங்கியையே பூப்போட்ட வண்ணத் துணியில் தைத்துக் காட்டினார். அதிகாரிகள் ஏற்கவில்லை, வெளிநாட்டுப் பத்திரிகை கொண்டாடியது. அவர் இவானவோ என்ற நெசவு ஊரில் ஏழை வீட்டில் பிறந்தவர். தையல்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு பெயர்கள் இவை.

முளகுமூடு லேஸ்காரி:

ஏப்ரன் என்று பார்த்ததும் எழுத வந்தேன். அக்கா, பழைய பள்ளி உடைக்கு மிஷின் லேஸ் வாங்கி ஒட்டிவிடாதீர்கள். நம் மாவட்டத்திலேயே கையால் போடுகிற லேஸ் இருக்கிறது. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் ஐயாவின் மனைவி மார்த்தா அம்மா நம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. தலையணையில் ஊசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. எனக்கு அதுதான் தொழில்.

ரஷ்யாவில் வோலக்தா என்ற வடக்கு ஊரிலும் இதே வேலைதான். உருண்டைத் தலையணை, மரக்கட்டைகள், ஊசி. அவர்கள் பெரும்பாலும் லினன் நூலில் போடுகிறார்கள். நெருக்கமான ஒரு பட்டை அறுபடாமல் வளைந்து வளைந்து ஓடிப் பூவாகும், இலையாகும், நடுவில் இருக்கிற இடத்தை வலை மாதிரி நிரப்புவார்கள். படத்தில் பார்த்ததுமே எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஊரில் லேஸுக்கென்று தனி அருங்காட்சியகமே இருக்கிறது. நமக்கும் ஒன்று வர வேண்டும். எங்கள் ஊரில் வயதான அம்மாமார் மட்டும்தான் இப்போது போடுகிறார்கள்.

இரண்டு ஏப்ரனுக்கும் ஓர லேஸ் நான் போட்டுத் தருகிறேன். ஜனவரி என்றால் இப்போதே அளவு சொல்லுங்கள், கைவேலைக்கு நாள் பிடிக்கும்.

தக்கலை தையல்கடை:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. டாக்டர் அம்மாவுக்கும் சாருக்கும் நன்றி. லேஸ் அக்கா, ஏப்ரன் அகலம் நாளைக்கு அளந்து அனுப்புகிறேன். கூலியைக் குறைக்காமல் சொல்லுங்கள். கல்லூரியில் நான் பேசிக்கொள்கிறேன்.

டாக்டரிடம் இன்னும் சில கேள்விகள். அக்குள் சதுரம் எத்தனை சென்டிமீட்டர் வைக்கலாம்? உள்சட்டைக்கு லினன் விலை கட்டாது. இரணியல் கைத்தறி வெள்ளைத் துணி போதுமா? சரஃபானுக்கு என்ன நிறம்? ஆண் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் வாங்கக் காசு இல்லை என்கிறார்கள், அதற்கு என்ன செய்வது?

வோல்கா கரை டாக்டர்:

அக்கா, என் தோழியின் அம்மா தன் கை அகலத்தை வைத்துத்தான் சதுரத்தை வெட்டினார். நம் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் போதும், உடம்பு கொஞ்சம் பெரியவர்களுக்குப் பதினைந்து. முதலில் ஒரு பழைய முண்டுத் துணியில் தைத்து, ஒரு பிள்ளைக்குப் போட்டுக் கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் மொத்தமாக வெட்டலாம்.

இரணியல் துணி தாராளமாகப் போதும், நான் லினனைவிட அதையே விரும்புவேன். வேர்வையை உறிஞ்சும், சுருக்கும் நன்றாக நிற்கும். ஒருமுறை தண்ணீரில் போட்டு எடுத்த பிறகு வெட்டுங்கள்.

நிறத்துக்குச் சிவப்பும் நீலமும் பாதிப்பாதி எடுங்கள். கிராமத்தில் அன்றாடம் உடுத்தியது நீலத்தில் வெள்ளைப் புள்ளியும் பூவும் அச்சிட்ட துணி, அவுரியில் முக்கியது. விழாவுக்குச் சிவப்பு. பளபளக்கிற சாட்டின் வேண்டவே வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் பொம்மைத் துணியாகத் தெரியும். சாதாரண பருத்தி வாங்குங்கள். முன்பக்கம் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு சரிகை நாடா, அதன்மேல் பொத்தான் வரிசை வைத்தால் நேர் வெட்டுக்கும் பழைய வகையின் தோற்றம் வந்துவிடும். இரண்டு நிறத்துக்கும் கச்சை சிவப்பிலேயே இருக்கட்டும்.

பூட்ஸுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பையன்கள் பள்ளியில் போட்ட கறுப்பு ஷூ வீட்டில் கிடக்கும். கறுப்பு ரெக்சினில் கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை குழல் மாதிரித் தைத்து ஷூவின் மேலே மாட்டிவிடுங்கள். மேல் ஓரத்தில் எலாஸ்டிக்கும், பாதத்துக்கு அடியில் ஒரு பட்டியும் வேண்டும். அவர்கள் நடனத்தில் குந்தி உட்கார்ந்து காலை மாற்றி மாற்றி வீசுகிற இடம் கட்டாயம் வரும். பட்டி இல்லையென்றால் குழல் மேலே ஏறி ஷூ தனியாகத் தெரிந்துவிடும்.